காலணியைக் கழற்றிய பிறகு

எடிட்டிங் அறையில் நாற்காலி தேய உட்கார்ந்திருந்த பெரியவள், அம்மாவிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். "சின்னவ முகம் படத்துல வரும்மா. நான்தானே எடிட் பண்றேன்" என்று சாப்பாட்டு மேசையில் அளந்துவிட்டாள். அம்மா அன்றே புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தாள்.

சின்னவள், அதாவது தங்கை, கதாநாயகிக்குப் பதிலாக ஓடிய டூப். முகத்தைக் காட்டாமல் இருப்பதுதான் டூப்பின் வேலையே. எல்லா ஷாட்டையும் சல்லடை போட்டுத் தேடியும் முதுகு, பின்னல், கால்கள்தான் கிடைத்தன. முகம் தெரிந்த ஒரே ஷாட்டைச் சேர்த்தால் குட்டு உடைந்துவிடும். படத்தைக் கெடுத்தால் தங்கையே அவளை மன்னிக்க மாட்டாள்.

கதை இதுதான்: ஓட்டக்காரி ஒருத்திக்கு மாயக் காலணி கிடைக்கிறது. போட்டால் பாதம் தரையில் படாது. கடைசிச் சுற்றில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஓடி ஜெயிக்கிறாள். இயக்குநரோ பந்தயம் முழுவதையும் ஸ்லோமோஷனில் மிதக்கவிட்டு, மேலே வயலின்களைக் கொட்டச் சொல்லியிருந்தார். பார்க்கப் பார்க்கப் பெரியவளுக்கு எரிச்சலாக வந்தது. கழற்றிய பிறகும் அதே மிதப்பு என்றால் எதற்காகக் கழற்ற வேண்டும்?

ஒத்திகை ஓட்டத்தின்போது சின்னவளின் சட்டையில் குத்திய மைக்கை எடுக்க மறந்திருந்தார் ஒலிப்பதிவாளர். அந்தப் பதிவைப் போட்டதும் பெரியவளின் கை அப்படியே நின்றது. வெறும் மூச்சு. ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் மெல்லிய விசில். சின்ன வயதில் இழுப்பு வந்து தங்கை திணறும்போதெல்லாம் வீடு முழுக்கக் கேட்ட அதே விசில்.

காலணி கழன்ற இடத்திலிருந்து வயலினைத் துடைத்தெறிந்தாள். ஓட்டத்தைச் சாதாரண வேகத்துக்குக் கொண்டுவந்தாள். மூச்சும் பாதச் சத்தமும் மட்டும் மிச்சம்.

"என்னம்மா இது? மியூசிக் டைரக்டர் என்னை உரிச்சு எடுத்துடுவாரு" என்றார் இயக்குநர்.

"இதுவரைக்கும் செருப்பும் பாட்டும் சேர்ந்து அவளைத் தூக்கிட்டு வந்துச்சு சார். இனிமே அவளே ஓடட்டுமே."

திரும்பப் போடச் சொன்னார். இன்னொரு முறையும் போடச் சொன்னார். கதாநாயகி எல்லைக்கோட்டைத் தொட்டபோது அவருக்கே மூச்சு வாங்கியது.

"சரி, இருக்கட்டும். ஆனா அவருக்கு நீயே போன் பண்ணு."

திரையிடலில் அம்மா இரண்டு பெண்களுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். ஓட்டம் வரும்போதெல்லாம், "இதுல எதுடி நம்ம பொண்ணு?" என்று பெரியவளின் காதைக் கடித்தாள். பெரியவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் புதுக் கண்ணாடிப் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

கடைசிச் சுற்று வந்தது. காலணி பறந்தது, வயலின் அறுந்தது. இருட்டில் ஒரு மூச்சு ஓடத் தொடங்கியது.

அம்மா கேள்வியை நிறுத்திவிட்டாள். அவள் கை தானாக நீண்டு சின்னவளின் முதுகை மேலிருந்து கீழாக நீவியது. கண் திரையை விட்டு நகரவில்லை.

"மெதுவா, மெதுவா மூச்சு விடும்மா" என்று முணுமுணுத்தாள்.

"அம்மா, நான் இங்கதானே இருக்கேன்" என்றாள் சின்னவள்.

"பேசாம இரு. நீ ஓடிட்டு இருக்கே."