படம் இல்லாத பதினோரு நிமிடம்

எங்கள் நிலையத்தில் மதியம் இரண்டு மணிக்குப் 'பிணவறை' என்று பெயர். காலை நேரத்துக்குத் தயாரிப்பாளர்கள் சண்டை போடுவார்கள், மாலை ஏழு மணிக்கு அடிதடியே நடக்கும், இரண்டு மணியை மட்டும் யாரும் சீந்த மாட்டார்கள். யாரை ஓரங்கட்ட வேண்டுமோ அவரை அங்கே தள்ளிவிடுவது வழக்கம். என்னைத் தள்ளினார்கள். இன்றைக்கு அதே நிலையத்தின் தலைமை நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தற்பெருமைதான். சும்மா வந்த நாற்காலி இல்லை, அதனால் கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஒளிநாடா நூலகத்தில். ஏழு வருடம் நாடாக்களுக்கு எண் ஒட்டினேன். பிறகு உதவித் தயாரிப்பாளர், பிறகு அடுத்தவர்களுடைய நிகழ்ச்சிக்குப் பந்தல் கட்டுகிற தயாரிப்பாளர். நாற்பது வயதில் எனக்கென்று ஒரு மணி நேரம் கொடுத்தபோது அது பிணவறையாக இருந்தது. வீட்டுக்கு வந்து புலம்பிக்கொண்டிருந்தேன். மாமியார் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு டிவி இல்லாமல் ஒரு நாள் நகராது, ஆனால் அவர் அதைத் திரும்பிப் பார்த்து நான் பார்த்ததில்லை.

"அத்தை, பாக்காம எதுக்கு ஓட விடறீங்க?" என்று எரிந்து விழுந்தேன்.

"பாக்கறதுக்கு எனக்கு எங்க நேரம்? கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு மணிக்கு ஊரே டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கழுவுகிறது, மடிக்கிறது, நறுக்குகிறது, கடையில் ஆணி எடை போடுகிறது. நாங்களோ முதுகுகளுக்கு முன்னால் பூ வேலை செய்துகொண்டிருந்தோம். நான் முதுகுகளுக்கு ஒரு நிகழ்ச்சி செய்தேன். பெயர் 'வீட்டுப் பழுது'. தினம் ஒரு வேலைக்காரர் வருவார்: குழாய்க்காரர், மின்சாரக்காரர், தையல் இயந்திரம் பார்ப்பவர். நேயர்கள் நேரடியாகத் தொலைபேசியில் கேட்பார்கள், அவர் பதில் சொல்வார். ஒத்திகையில் ஒரே ஒரு சட்டம்தான். 'இதோ பாருங்க' என்று யாராவது சொன்னால் நிறுத்திவிட்டு, பார்க்காதவருக்கும் விளங்கும்படி திரும்பச் சொல்ல வைப்பேன். பூட்டுக்காரர் ஒருவர் ஒரே காலையில் பதினாறு முறை மாட்டினார்.

நிகழ்ச்சியை நடத்தியவர் அறிவிப்பாளர் அக்கா. எனக்கு மட்டுமல்ல, நிலையத்துக்கே அவர் அக்கா. ஒரு காலத்தில் ஏழு மணிச் செய்தி அவருடையது. நான் சொல்லப்போகிற நாளுக்கு ஆறு வருடம் முன், நிகழ்ச்சிப் பிரிவின் தலைவர் ஒரு கூட்டத்தில், அக்கா முன்னாலேயே, "முகம் பழசாயிடுச்சு" என்றார். மறுநாள் செய்தியில் வேறு பெண். அக்கா பிணவறைக்கு வந்து சேர்ந்தார்.

அந்தத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ரிமோட்'. எதையும் நாலு நொடிக்கு மேல் பார்க்க மாட்டார், அடுத்த சேனலுக்குத் தாவிவிடுவார். ஊரில் எல்லோரும் தன்னைப் போலவே சோபாவில் சாய்ந்து பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று அவருக்கு ஓர் எண்ணம். இரண்டு வருடம் எங்களைச் சகித்துக்கொண்டவர், ஒரு திங்கட்கிழமை சுற்றறிக்கை அனுப்பினார். வெள்ளிக்கிழமையோடு 'வீட்டுப் பழுது' நிறுத்தம். அந்த நேரத்தில் பழைய தொடர் மறு ஒளிபரப்பு. அக்காவின் ஒப்பந்தம் முடிகிறது. நான் திரும்பவும் நாடா நூலகத்துக்கு.

மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். எண் ஒட்டுகிற வேலையை நினைத்து அல்ல. எனக்குத் தெரிந்த ஒரே நல்ல விஷயத்தை நான் செய்து காட்டியும் ஒருவர் கண்ணிலும் படவில்லையே என்றுதான்.

வியாழக்கிழமை வந்தவர் அதே பூட்டுக்காரர். இரண்டு மணி பதினேழு நிமிடத்துக்கு ஒரு பெண் அழைத்தாள்.

"என் மாமனார் பாத்ரூம்ல மாட்டிக்கிட்டாரு. முக்கால் மணி நேரமாச்சு. கைப்பிடியத் திருப்பினா சும்மா சுத்துது. அவருக்குச் சர்க்கரை இருக்கு, இன்னும் சாப்பிடல."

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கர்ஜனை: "யார்கிட்டயும் கேக்க வேணாம்! நானே உடைச்சிடறேன்!"

அந்த நொடியில் என் கட்டுப்பாட்டு அறையில் இருந்த அத்தனை திரைகளும் கறுத்தன.

காரணம் பிறகு தெரிந்தது. பக்கத்துக் கூடத்தில் ஏழு மணிக்கான புது அரங்கம் எழுந்துகொண்டிருந்தது, அதற்குப் படம் போகும் கம்பி வேண்டியிருந்தது. தொழில்நுட்பப் பிரிவினர் சுற்றறிக்கையில் 'நிறுத்தம்' என்ற சொல்லைப் படித்தார்கள், கிழமையைப் படிக்கவில்லை. ஒளிபரப்பில் இருக்கிற நிகழ்ச்சியின் கம்பியைப் பிடுங்கிச் சுருட்டி, தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு மணிக்கு அங்கே ஆள் இருப்பார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. குரல் போகும் கம்பி மட்டும் தப்பியது.

படம் போனால் பத்து நொடிக்குள் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டையைப் போட வேண்டும் என்பது விதி. அட்டையோடு வாத்திய இசை வரும், குரல் வெட்டுப்படும். பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு ஒலிப் பொறியாளர் என்னைப் பார்த்தார்.

"போடட்டுமா மேடம்?"

"கைய எடுங்க" என்றேன்.

அக்காவின் காதுக்கருவியில் சொன்னேன்: "அக்கா, படம் போச்சு. குரல் போய்க்கிட்டிருக்கு. இனி நீங்கதான் படம்."

அக்கா ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. பூட்டுக்காரர் பதற்றத்தில் பழைய பாட்டுக்கே திரும்பியிருந்தார்: "இதோ பாரும்மா, இந்தத் திருகு இருக்கு பாரு..."

அக்கா குறுக்கே புகுந்தார். "ஐயா ஒரு பூட்டைக் கையில வச்சிருக்காரும்மா. கைப்பிடி கதவோட சேர்ற இடத்துல வட்டமா ஒரு தகடு இருக்கும். அதுல மேல ஒரு திருகு, கீழ ஒரு திருகு. விரலால தடவுங்க. தட்டுப்படுதா?"

"தட்டுப்படுது."

தொலைபேசி அலறியது. ரிமோட். "ஏம்மா, திரை கறுப்பா இருக்கு! அட்டையப் போடுங்க!"

"ஆள் உள்ள இருக்காரு சார்."

"இது என் உத்தரவு. கறுப்புத் திரைய எவன் பாப்பான்? இந்நேரம் மொத்தப் பேரும் ஓடியிருப்பாங்க!"

ரிசீவரை எடுத்து மேசையில் குப்புற வைத்தேன். அது அங்கே கிடந்து கத்திக்கொண்டிருந்தது.

திருகுகள் கழன்றன. கைப்பிடி கையோடு வந்தது. உள்ளே விரல் தடிமனில் ஒரு சதுரக் கம்பி நீட்டிக்கொண்டிருப்பதாக அந்தப் பெண் சொன்னாள். அதைக் குறடால் பிடித்துத் திருப்பச் சொன்னார் பூட்டுக்காரர். திருப்பினாள். அசையவில்லை. அவள் அழ ஆரம்பித்தாள். மாமனாரின் சத்தமும் நின்றுவிட்டது, அதுதான் எங்களை இன்னும் பயமுறுத்தியது.

பூட்டுக்காரர் சட்டென்று கேட்டார். "உள்ள தள்ளுற கதவா?"

"ஆமாங்க."

"தள்ளிக்கிட்டே திருப்பறியா? தள்ளாதே. தள்ளினா பூட்டோட நாக்கு சட்டத்துல இறுகிக்கும். கதவ உன் பக்கமா இழுத்துப் பிடி. உள்ள இருக்கறவரக் கைய எடுக்கச் சொல்லு, அவரும் பிடிச்சு இழுத்துக்கிட்டுதான் இருப்பாரு."

"மாமா! கதவ விடுங்க!"

பலவீனமாக ஒரு குரல் வந்தது: "நான் உதவிதானே பண்றேன்..."

"விடுங்கன்னா விடுங்க மாமா!"

அப்படி அவள் அவரிடம் வாழ்நாளில் பேசியிருக்க மாட்டாள். பிறகு ஒரு 'டக்'. எங்கள் எல்லோருக்கும் கேட்டது. கதவு கிறீச்சிட்டது. அவள் ஓவென்று அழுதாள், ஒலிப் பொறியாளர் நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்து கை தட்டினார், நான் யாரையோ கட்டிக்கொண்டேன்.

"டிவியிலயா பேசறே? நான் டிவியில வந்தேனா?" என்றது மாமனார் குரல்.

"இல்ல மாமா, படம் போயிடுச்சு."

"சே!"

பதினோராவது நிமிடம் படம் திரும்பியது. ஊர் முதலில் பார்த்தது, கைக்குட்டையால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த பூட்டுக்காரரை.

மறுநாள் காலை ரிமோட் என்னைக் கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்ற முடிவோடு போனேன். அவர் மேசையில் நிமிடத்துக்கு நிமிடம் பார்வையாளர் எண்ணிக்கை காட்டும் வரைபடம் கிடந்தது. இரண்டு பதினேழு முதல் இரண்டு இருபத்தெட்டு வரை சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்.

"இந்தக் கோடு ஏன் கீழ இறங்கல?"

"யாரும் போகல சார்."

"ஏறியிருக்கு. திரையில ஒண்ணுமே இல்ல, ஏறியிருக்கு." அவர் குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே புரியாத மனிதனின் குழப்பம் இருந்தது.

"அக்கம்பக்கத்துல கூப்பிட்டுச் சொல்லியிருப்பாங்க சார். நம்ம நேயர்கள் எப்பவுமே திரையப் பாக்கறதில்ல. கேக்கறாங்க."

சிவப்பு வட்டத்தை விரலால் ஒரு முறை சுற்றினார். "நிறுத்த வேணாம். ஏழு மணிக்குக் கொண்டு வந்துடுங்க" என்றார். இருபது வருடம் கண்ட கனவு. அவர் முடிக்கவில்லை. "ஆனா ஏழு மணின்னா புது முகம் வேணும். சின்னப் பொண்ணா ஒருத்தியப் போடுங்க. அக்கா பின்னால இருந்து போன் எடுத்துக் கொடுக்கட்டும்."

தலையாட்டியிருந்தால் ஏழு மணி என் கையில். ஆட்டவில்லை.

"சார், பதினோரு நிமிஷம் முகமே இல்லாம கேட்டிருக்காங்க. ஒருத்தர்கூட எழுந்து போகல. இப்ப யார் முகத்தக் கொண்டுவந்து ஒட்டப் போறீங்க? அக்கா இல்லன்னா நானும் இல்ல. நூலகத்துச் சாவியக் கொடுங்க, போறேன்."

அவர் முகம் சிவந்தது. வரைபடத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். நேரம், நிகழ்ச்சி, தயாரிப்பாளர். அக்காவின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடும் வரை நான் மேசையை விட்டு நகரவில்லை.

அக்கா தாழ்வாரத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னடி, மூட்டையக் கட்டணுமா?"

"ஏழு மணிக்கு, அக்கா."

"காலையிலயா? அதுக்கு நாலு மணிக்கே எழுந்திருக்கணுமே."

"சாயங்காலம். நீங்கதான்."

அக்கா கையை நீட்டினார். தாளைக் கொடுத்தேன். எழுந்து, முதுகை நிமிர்த்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆறு வருடமாக யாரும் கேட்காத தன் செய்திக் குரலில் உரக்க வாசித்தார். அறை அறையாகக் கதவுகள் திறந்தன, ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். நான் வெட்கமில்லாமல் அழுதுகொண்டிருந்தேன். தன் பெயர் வந்த இடத்தில் அக்கா நிறுத்தினார். ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, மறுபடியும் முதல் வரியிலிருந்து வாசித்தார்.