ரேடியோ வரைந்த கதவு

நான்காம் வகுப்பில் அவளை எல்லோரும் ‘ரேடியோ’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் பாடத்தைக் கொடுத்தாலும் மூச்சு விடாமல் வாசித்துத் தள்ளுவாள். என்ன படித்தாய் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். தையல் கம்பெனி தீ விபத்தில் அவளுடைய அம்மா போனதிலிருந்தே இப்படித்தான்.

வாசித்ததை மனக்கண்ணால் பார்க்கட்டும் என்று டீச்சர் பிள்ளைகளைப் படம் வரையச் சொன்னார். அன்றைய பாடத்தில், ஆலையில் மணி அடித்ததும் தொழிலாளர்கள் சிரித்துப் பேசிக்கொண்டே வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். மற்ற பிள்ளைகள் சைக்கிளும் ஆட்களுமாகத் தாளை நிரப்பியிருந்தார்கள். ரேடியோவின் தாளில் ஒரு கதவு மட்டும். வெளிப்பக்கம் பெரிய பூட்டு.

“பாடத்துல பூட்டே இல்லையேம்மா?”

“பூட்டாம எப்படி டீச்சர்? வேலை நேரத்துல யாராவது எந்திரிச்சுப் போயிடுவாங்கல்ல?”

“உனக்கு யார் சொன்னா?”

“அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டு போவேன்ல. வாட்ச்மேன் பூட்டைத் திறந்து வாங்கிட்டு, திரும்பப் பூட்டிடுவாரு.” பென்சிலைக் கீழே வைத்தாள். “இவங்க மட்டும் எப்படி டீச்சர் வெளிய வந்தாங்க?”

டீச்சர் அந்தத் தாளை வாங்கிப் பத்திரமாக எடுத்து வைத்தார்.

மாலையில் அவளைக் கூட்டிப்போக வந்த அப்பா ஒரு பெயிண்டர். டீச்சர் அவரிடம் படத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னார்.

“கதவு திறந்துதான் இருந்துச்சு, புகையில வழி தெரியலன்னு முதலாளி சொன்னாரே டீச்சர்.” மகளிடம் திரும்பினார். “ஏன்டா கண்ணு இத்தனை நாளா சொல்லல?”

“யாரும் கேக்கலையேப்பா.”

மறுநாள் டீச்சரும் அவருமாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். இன்ஸ்பெக்டர் படத்தை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

“சின்னப்புள்ள கிறுக்கினதை எல்லாம் சாட்சின்னு தூக்கிட்டு வந்துட்டீங்களே டீச்சர். கேஸ் முடிஞ்சு போச்சு.”

இரண்டு நாள் கழித்து முதலாளியின் ஆட்கள் பெயிண்டரின் வீட்டுக்கு வந்து, மகளைப் பற்றி அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார்கள். அந்த வாரமே அவர் பள்ளியில் டிசி கேட்டு வந்து நின்றார்.

“ஊரை விட்டே போறோம் டீச்சர். எனக்கு இருக்கிறது இவ ஒருத்திதான்.”

டீச்சரால் அவரைத் தடுக்க முடியவில்லை.

பரீட்சைக்குக் கேள்வித்தாள் தயாரித்தபோது அந்த ஆலைப் பாடத்திலிருந்து டீச்சர் ஒரு கேள்விகூட எடுக்கவில்லை. ஏன் என்று தலைமையாசிரியை கேட்டார்.

“அதை இன்னும் நடத்தி முடிக்கல மேடம்” என்றார் டீச்சர்.