முறுக்கு எழுத்தில் இல்லாத ஷ

"அண்ணே, அந்த முறுக்கு எழுத்துலயே போட்டுத் தாங்க" என்று மாரீஸ்வரி சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மகனுக்கு முதல் பிறந்தநாள். தாராவியில் என் ஃப்ளெக்ஸ் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் இப்போது அதைத்தான் கேட்கிறார்கள். நவி மும்பை சான்பாடாவில் இருக்கும் கலைச்செல்வி என்ற பெண் ஒவ்வொரு எழுத்தாகக் கையால் வரைந்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருக்கிறாள். எழுத்தின் முனையெல்லாம் முறுக்கு மாதிரி சுருண்டு கிடக்கும். கல்யாணம், கோயில் கொடை, இட்லிக் கடை, எல்லாவற்றுக்கும் அதுதான். போன வாரம் ஒரு கண்ணீர் அஞ்சலிக்கும் அதையே கேட்டார்கள். செத்தவர் கல்யாண வீட்டுக்குக் கிளம்பியது போல இருந்தது பேனர்.

நானும் வரைகிறவன்தான். இந்தப் பூலோகம் போடுகிற எழுத்து வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் ஒரு ஆள் கேட்டதில்லை. அவளை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அந்தச் சுருளைக் கண்டாலே வயிறு எரியும்.

பையன் பெயர் ஷ்ரவண். அடித்துப் பார்த்தேன். முதல் எழுத்து வர வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் வந்தது. மகராசி ஷ வரையவே இல்லை! வந்த சந்தோஷத்தில் ஒரு கட்டிங் சாய் வரவழைத்துக் குடித்தேன். வேறு எழுத்தில் போடுகிறேன் என்று மாரீஸ்வரிக்குப் போன் செய்தேன்.

"அதெல்லாம் முடியாதுண்ணே. கலை எங்க சித்தி மகதான, ஃபங்ஷனுக்கு வாரா. அவ எழுத்து இல்லன்னா எப்டி?"

வருகிறாளா? வரட்டும். மதியச் சோற்றை மறந்து உட்கார்ந்து அந்த ஒரு எழுத்தை நானே வரைந்தேன். அவளுடைய சுருளையே எடுத்து, அவளுக்கு வராத ஒரு வளைவு வளைத்து, உள்ளே இன்னொரு சுருளைப் படுக்க வைத்தேன். பக்கத்தில் அவள் எழுத்துகள் சோப்ளாங்கியாகத் தெரிந்தன.

ஹாலில் பேனரைக் கட்டிவிட்டுப் போகாமல் ஓரமாக நின்றேன். "வா கலை" என்று மாரீஸ்வரி ஓடியதில், வந்தவள் கலைச்செல்வி என்று தெரிந்தது. கேக் வெட்டக் கூப்பிட்டும் திரும்பாமல் ஷ-வையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் சுண்டிப்போயிற்று. அந்த முகத்தை எனக்குத் தெரியும், கடைக் கண்ணாடியில் தினமும் பார்க்கிறதுதானே. அடியம்மா, உனக்கும் எரிகிறதா என்று உள்ளுக்குள் குதித்தேன்.

"அண்ணே, இந்த ஷ யாரு போட்டது? க்யா கமால் ஹை! என்னமா வந்திருக்கு! நானும் எத்தனையோ தடவ போட்டுப் பாத்தேன், வரவே இல்ல. அதான் விட்டுட்டேன்" என்றாள் என்னிடம் வந்து.

நான்தான் என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் அடுத்து என்ன கேட்பாள்? குடுங்கண்ணே, சேத்துக்கிடுதேன் என்பாள். இத்தனை பேர் நடுவில் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? என் எழுத்து அவள் எழுத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்கு நான் நாண்டுகொண்டு சாகலாம்.

"தெரியலம்மா. நெட்டுல கெடந்துச்சு, எடுத்துப் போட்டேன்."

அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அப்ப யாரோடதும் இல்லல்லா? நானே சேத்துக்கிடுதேன்" என்று போனை எடுத்தாள்.

எப்போது நகர்ந்தேனோ தெரியவில்லை, பேனருக்கு முன்னால் போய் நின்றிருந்தேன்.

"அண்ணே, எழுத்த மறைக்கீங்க. கொஞ்சம் தள்ளிக்கோங்க."

தள்ளிக்கொண்டேன். அவள் விரலை விரிக்க விரிக்க, போன் திரையில் ஷ பெரிதாகிக்கொண்டே வந்தது.