வேதசிரோமணி சாரின் உப்புத் தண்ணீர்

சென்ற ஜூன் மாதம் முதல் ஞாயிறன்று, சேலையூரில் வேதசிரோமணி சார் வீட்டு வாசலில் தரைக்கடியில் இருந்த சம்ப் கண்ணீரால் நிறைந்தது. எட்டாயிரம் லிட்டர் இருக்கும். தண்ணீர் லாரி ஓட்டும் குமரேசன்தான் முதலில் கண்டுபிடித்தார். குழாயை இறக்க மூடியைத் திறந்தவர், விளிம்புவரை நிற்பதைப் பார்த்து ஒரு கை அள்ளி வாயில் வைத்தார். "இது போர்த் தண்ணி இல்ல சார். யாரோ குந்திக்கினு அழுதுகீறாங்க" என்று சொல்லிவிட்டு, லோடை மேடவாக்கத்துக்கு ஓட்டிப் போனார்.

அன்று காலைதான் சர்ச்சில் சபைப் பத்திரிகை வெளியாகியிருந்தது. ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியரான சார், அதில் பதினோரு வருடமாக மாதம் ஒரு புத்தகத்தைப் பற்றி எழுதிவருகிறார். விசுவாசமோ, குடும்பமோ, எழுத்துக் கலையோ, எதைப் பற்றிய புத்தகமானாலும் அவருக்கு ஒரே முறைதான். முன்னுரை, பின் அட்டை, பன்னிரண்டு பக்கம், அவ்வளவுதான் படிப்பார். அதன்பின் "படித்து முடித்தபோது கண்ணீரை அடக்க முடியவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். அந்த ஒரு வரிக்கென்றே சபையில் வாசகர்கள் இருந்தார்கள். பதினோரு வருடம் எங்கோ தங்கியிருந்த கண்ணீர் இந்த ஜூனில் ஏன் வந்து சேர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர் கஷ்டத்தில் வந்ததை யார் கேள்வி கேட்பார்கள்?

அதற்குப் பிறகு பத்திரிகை வரும் ஞாயிறெல்லாம் சம்ப் நிறைந்தது. சாரின் மனைவி கிருபா அதில் வாசல் கழுவினார், பாத்திரம் அலசினார். பருப்பு மட்டும் வேகவில்லை. மாதக் கடைசியில் தீர்ந்துவிடும். ஆகஸ்டில் ஒரு குடும்பப் புத்தகத்துக்கு சார் ஆர்வக்கோளாறில் "தேம்பித் தேம்பி அழுதேன்" என்று எழுத, சம்ப் பொங்கிப் பக்கத்து வீட்டு லக்ஷ்மிநாராயணனின் செம்பருத்தி கருகிவிட்டது. பாவம், நல்ல மனிதர். "சார், அடுத்த மாசம் ஹாஸ்யமா ஏதாவது எடுங்கோளேன்" என்பதோடு விட்டுவிட்டார்.

அக்டோபரில் கிருபா ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து சாரின் மடியில் வைத்தார். கிருபாவே எழுதி, மேற்குத் தாம்பரத்தில் அச்சடித்தது. பெயர், 'குக்கர் வைத்துவிட்டு எழுதியவை'. அறுபத்து நான்கு பக்கம்.

"ஊரார் புத்தகத்துக்கெல்லாம் அழுதீங்க. இதையும் எழுதுங்க. நிஜமா படிச்சீங்களான்னு ஞாயித்துக்கிழமை சம்ப்பைத் திறந்து பாத்துக்கறேன்."

சார் பின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். முப்பத்தாறு வருடம் தன்னோடு குடித்தனம் நடத்தியவளின் புத்தகத்தைப் படிக்காமலே புகழ்ந்தால், எட்டாயிரம் லிட்டர் சாட்சி சொல்லும். வேறு வழியில்லை, உட்கார்ந்தார். பன்னிரண்டாம் பக்கம் தாண்டியபோது கழுத்து வலித்தது. இருபதில் கிருபாவுக்குப் பாடத் தெரியும் என்று தெரிந்துகொண்டார். முப்பத்து மூன்றில், சாரின் பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில்தான் இதெல்லாம் எழுதப்பட்டது என்று இருந்தது. நாற்பத்தொன்றாம் பக்கத்தில், சாருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கிருபா செய்த ஜெபம்: 'ஆண்டவரே, இந்த மனுஷன் இதுவரை ஒரு புத்தகத்தையும் முழுசா முடிச்சதில்ல. ஒண்ணையாவது முடிக்கிறவரைக்கும் விட்டுவையும்.'

சார் முதலில் சிரித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்ற வேண்டியதாயிற்று. இத்தனை வருடம் இவளோடு இருந்துவிட்டு இவளைப் பன்னிரண்டு பக்கத்துக்கு மேல் படிக்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அறுபத்து மூன்று பக்கம் படித்தார். கடைசிப் பக்கத்துக்கு முன்னால் அடையாள நாடாவை வைத்து மூடினார். அந்த மாதம் இப்படி எழுதினார்: "நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டேன். ஒன்று பக்கத்தின் மேலேயே விழுந்துவிட்டது. கடைசிப் பக்கத்தை இன்னும் படிக்கவில்லை."

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும், பட்டுப்புடவையோடே கிருபா சம்ப் மூடியைத் தூக்கினார். உள்ளே சிமெண்ட் தரை காய்ந்து கிடந்தது. அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குமரேசனுக்குப் போன் போட்டு ஒரு லோடு தண்ணீர் சொன்னார்.

லக்ஷ்மிநாராயணன் வீட்டுச் செம்பருத்தி மறுபடி துளிர்த்துவிட்டது. சார் இப்போதும் மாதாமாதம் எழுதுகிறார், எந்தப் பக்கத்தோடு நிறுத்தினார் என்பதையும் சேர்த்து. அறுபத்து நான்காம் பக்கத்தை அவர் இன்னும் படிக்கவில்லை. கிருபாவும் அவசரப்படுத்துவதில்லை.