அப்பாவின் கட்டைவிரல் தேய்த்த இடம்

என் அக்கா நார்மா கேட்டது ஒரே ஒரு காரியம்தான். அப்பாவின் கைத்துப்பாக்கியில், பிடியின் திருகுக்குப் பக்கத்தில், மிளகளவு துரு பிடித்திருந்தது. அதை மட்டும் எடுத்துக் கொடு என்றாள்.

அப்பா எங்கள் ஓஹையோ கவுன்ட்டி போலீஸில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். அந்த நைன்டீன் லெவன் ரகத் துப்பாக்கி அத்தனை வருடமும் அவர் இடுப்பில் இருந்தது. போன வசந்தத்தில் இறந்தபோது நார்மாவுக்கு எழுதி வைத்திருந்தார். அவளும் அதே போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவள். நான் கார்களுக்கு டிங்கரிங், பெயின்டிங் பார்த்தவன்.

துருவை எடுக்க அரை மணி நேரம் போதும். நான் மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன்.

கராஜில் பழைய துண்டை விரித்து ஒவ்வொரு பாகமாகக் கழற்றினேன். தோல் உறை உரசி உரசிக் குழல் முனை வெளுத்திருந்தது. பின்பக்கம், அப்பாவின் கட்டைவிரல் படும் இடத்தில், நிறம் முழுக்கப் போய் எஃகு வெள்ளியாக மின்னியது. எல்லாவற்றையும் உப்புத்தாளால் தேய்த்தேன். பிறகு எஃகைக் கருநீலமாக்கும் மருந்தைப் பஞ்சால் தடவினேன். முதல் தடவை திட்டுத் திட்டாக வந்தது. தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி தடவினேன். நான்காவது தடவைதான் ஆழமான நிறம் பிடித்தது. பிடிக்கு வால்நட் மரத்தில் புதுத் தகடுகள் செதுக்கினேன். ஒன்று திருகுத் துளையில் பிளந்துபோக, வேறு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நார்மா வந்தாள். கையில் வாங்கி, குண்டு இல்லையென்று பார்த்துவிட்டு, வெளிச்சத்தில் திருப்பினாள்.

"அழகா இருக்குடா, டெல்" என்றாள். அப்புறம் அவள் விரல் பின்பக்கம் போய் நின்றது. "இங்கதான அவரு கட்டைவிரல் இருக்கும்?"

"தேஞ்சு போயிருந்துச்சுக்கா."

"துரு எங்க இருந்துச்சு, இது எங்க இருக்கு? தெரியாம பண்ணினியா, தெரிஞ்சே பண்ணினியா?"

எத்தனையோ பேரை விசாரித்த குரல் அது. பொய் சொல்ல வாய் வரவில்லை.

என் பத்தொன்பதாவது வயதில் நடந்ததைச் சொன்னேன். போலீஸ் தேர்வு எழுதப் போவதில்லை என்று அன்று காலைதான் அப்பாவிடம் சொல்லியிருந்தேன். இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கச் சமையலறை மேசையில் கிடந்த துப்பாக்கியை நகர்த்த எடுத்தேன். அவர் என் கையிலிருந்து வாங்கி, கைக்குட்டையால் முழுக்கத் துடைத்தார். வேலை பார்க்கிற ஆள் தொடுகிற சாமான் இது என்றார். அதன்பிறகு நாற்பத்திரண்டு வருடம் நான் அதைத் தொடவில்லை. நார்மா அப்போது பயிற்சிக்குப் போயிருந்தாள். அவளிடம் இதை நான் சொன்னதே இல்லை.

அந்த வெள்ளை இடத்தைத் தேய்க்கும்போது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தோன்றவில்லை. அதையும் சொன்னேன்.

"என்கிட்ட அவரு அப்படிப் பேசினதே இல்ல" என்றாள்.

"தெரியும்."

"உன்ன நெனச்சும் கஷ்டமா இருக்கு, இத நெனச்சும் கஷ்டமா இருக்கு. ரெண்டையும் சேர்த்துப் பாக்க எனக்கு வரல."

துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பத்து நாள் போன் வரவில்லை. ஒரு மத்தியானம், பழையபடி அந்த இடத்தைத் தேய்த்து வெளுக்க வைத்துவிடலாமா என்று நினைத்தேன். புதுக் கதவைப் பழைய வண்டிக்கு ஏற்றபடி மங்க வைப்பது எனக்குக் கைவந்த வேலை. மெல்லிய உப்புத்தாளைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் தேய்க்கப் போவது என் விரல். அவருடையது மாதிரி ஒன்றைச் செய்து அவளிடம் நீட்டுவது முதல் காரியத்தைவிடக் கேவலம் என்று பட்டது. தாளைக் கீழே வைத்தேன்.

வியாழக்கிழமை காலை அவளே வந்தாள். வண்டியில் இரண்டு காதுமூடியும் ஒரு பெட்டித் தோட்டாவும் இருந்தன. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஏறச் சொன்னாள். ஊருக்கு வெளியே உள்ள சுடுதளத்தில் தோட்டாக்களை நிரப்பி என் கையில் கொடுத்தாள். நீ முதலில் சுடு என்றேன். இந்தத் துப்பாக்கி இனி யாருடையதென்றே எனக்குப் புரியவில்லை என்றேன்.

"கெட்டுப்போச்சுன்னுதான் எனக்கு வருத்தம். நீ தொடக்கூடாதுன்னு நான் சொல்லல. ரெண்டு கையாலயும் பிடி."

ஏழு தடவை சுட்டேன். குறி வரைந்த காகிதத்தில் விழுந்தது இரண்டு, அதுவும் ஓரத்தில். மணிக்கட்டு வலித்தது. நார்மா காகிதத்தைக் கூர்ந்து பார்த்தாள்.

"நீ போலீசுக்கு வராதது ஊரு செஞ்ச புண்ணியம்டா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். பிறகு அவள் சுட்டாள். ஏழும் என் உள்ளங்கையால் மூடிவிடக்கூடிய இடத்துக்குள் விழுந்தன. வால்நட் பிடி பழையதைவிடத் தன் கைக்குப் பொருந்துகிறது என்று, பிடிக்காத உண்மையை ஒத்துக்கொள்பவள் மாதிரி சொன்னாள். துப்பாக்கியைத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

வண்டியில் உட்கார்ந்து அவள் கொண்டு வந்த ஹாம் சாண்ட்விச்சைப் பிரித்தோம். அவள் தன்னுடையதைத் தொடாமல் மடியில் வைத்திருந்தாள்.

"அன்னைக்கு வேற என்ன சொன்னாரு?"

சொன்னேன். அன்றைக்கு மட்டுமல்ல, அதற்கு முன்னும் பின்னும் சொன்னவற்றை. அவள் அப்பாவுக்காக ஒரு வார்த்தைகூட வாதாடவில்லை. சாப்பிட்டு முடிக்க வெகுநேரம் ஆனது.