நீ இல்லாவிட்டால் எது நிற்கும்

"ஸ்கூல் நேரம் போக என்ன செய்றேன்னு கேக்குது," என்றாள் தீபிகா, இளவரசிக்கான காலேஜ் விண்ணப்பத்தைச் செல்போனில் நிரப்பியபடி.

"ஒண்ணுமில்லன்னு போட்டுடு," என்றாள் இளவரசி. தறியில் அப்பா வீரபாகு புடவையின் உடலுக்கான ஊடுநூல் ஓட்டும் நாடாவை வீச, அவள் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நாடாவை வீசிக்கொண்டே சொன்னாள்.

"டிபேட்டு, ஸ்போர்ட்ஸ்?"

"ஸ்கூல் விட்டா நேரா இங்கதானே வரேன்."

"நல்லவேளை, இந்த வருஷம் கட்டுரை இல்ல. போன வருஷம் எங்க சித்தி பொண்ணுக்கு மெட்ராசுல ஒரு சார் எழுதிக் குடுத்தாரு. இமயமலை ஏறினதா இருக்குது அதுல. அவ பக்கத்துல இருக்கிற திருப்புட்குழிய தாண்டினதில்ல."

"சீட்டு கெடச்சுதா?" என்றார் வீரபாகு.

"கெடச்சுது மாமா. அதனாலதான் மாத்திட்டாங்க போல. இப்ப சின்னச் சின்னக் கேள்விங்கதான், தமிழ்லயே எழுதலாமாம். கடைசிக் கேள்வி கேளு: ஒரு நாள் நீ வீட்டில் இல்லையென்றால், அங்கே எது நின்றுபோகும்?"

இளவரசியின் கை நின்றது. தறியும் நின்றது. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாகக் கோத்து நெய்கிற புடவை. பக்கத்தில் ஆள் இல்லாமல் ஓர் இழையும் நகராது.



"யாருப்பா கேட்டிருப்பாங்க இத?" சந்நிதியில் திரை விலகும்போது பேசுகிற குரலில் கேட்டாள் இளவரசி.

"யாரோ. நம்ம வூட்டுக்குள்ள வந்து உக்காந்து பாத்த மாதிரி இருக்குது. கூடவே உக்காந்திருக்கேன், நான் ஒரு நாளும் கேக்கலியே," என்றார் வீரபாகு.

"தறி நிக்கும்னு போடட்டா?" என்றாள் தீபிகா.

இளவரசி அப்பாவைப் பார்த்தாள். "போட்டா சீட்டு குடுத்தாலும் குடுத்துடுவாங்கப்பா. அப்புறம் நெஜமாவே நிக்கும். அம்மாவுக்குக் கண்ணு சரியில்ல, யாரு உக்காருவா?"

"போடு. சின்னதுலேருந்து இவதான் கூட உக்காந்து ஓட்டிக்கினு இருக்கான்னும் போடு."

"அப்பா."

"தறியில ஏத்தியிருக்கிற இந்தப் பாவு முடியட்டும்மா. அடுத்தது கரையும் உடலும் ஒரே நிறமா வாங்கிக்கிறேன். அதுக்கு ஒத்த ஆளு போதும்."

"கூலி கம்மி."

"எனக்குத் தெரியாததா?"

தீபிகா எழுதி முடித்துப் போனை நீட்டினாள். இளவரசி ஒருமுறை படித்துவிட்டு, தானே அழுத்தி அனுப்பினாள். பிறகு நாடாவை எடுத்தாள்.

வீரபாகு எடுக்கவில்லை.

"தீபிகா, அந்தக் கேள்விய இன்னொரு தபா படிமா," என்றார்.