மரங்கொத்தியின் பதில்

பொற்கொடி இரண்டு கட்டைவிரல்களாலும் எழுத்துகளை இழுத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. பாதி நறுக்கிய அவரைக்காய் மேடையில் கிடந்தது. போனில் கட்டம் கட்டமாகக் கிடக்கும் எழுத்துகளைக் கோத்துச் சொல் செய்ய வேண்டும்; இரண்டே நிமிடம். எதிராளிக்கும் அதே கட்டம்தான், அதே எழுத்துகள்தான். எதிராளி சுவருக்கு அந்தப் பக்கம், முன் அறை நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் மாசாணம். அது அவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

மாசாணம் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்க்கை முழுக்க விசில் ஊதி பஸ்ஸைக் கிளப்பிய மனிதருக்கு வீட்டில் கிளப்புவதற்குப் பெண்டாட்டியைத் தவிர வேறு வண்டி இல்லை. கோயிலுக்குப் புறப்பட்டாலும் சரி, கல்யாணத்துக்குப் புறப்பட்டாலும் சரி, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "ஏம்புள்ள, நீயென்ன மேட்டுப்பாளையம் பாசஞ்சரா?" என்று, நின்று நின்று போகும் அந்த ரயிலைச் சொல்லித் தெருவுக்கே கேட்கும்படி கேட்பார். பெரியநாயக்கன்பாளையத்தில் அந்தத் தெருவில் அவளைப் பாசஞ்சரக்கா என்று கூப்பிடும் பிள்ளைகள்கூட இருந்தார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். சிரிப்பது வேறு, பொறுத்துக்கொள்வது வேறு.

ஓய்வு பெற்றபின் அவர் பக்கத்து வீட்டுக்காரர்களோடு சண்டை பிடிக்காமல் இருக்கட்டும் என்று மகள் எழில்தான் இந்த விளையாட்டை அவர் போனில் ஏற்றிக் கொடுத்தாள். ஆறே மாதத்தில் ஆள் அதில் புலியாகிவிட்டார். சிலிண்டர் போட வருகிறவரையும் விடாமல் உட்காரவைத்து நுணுக்கம் சொல்வார். மொத்தக் கட்டத்தையும் பார்க்கக் கூடாது, மூலையிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் சின்னச் சொற்களாகப் பொறுக்கிக் கையைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். பட்டு கிடைத்தால் அங்கேயே நின்று பட்டம், பட்டறை என்று சுற்றிலும் துழாவ வேண்டும். பெரிய சொற்களைக் கண்டுபிடித்தாலும் கையில் வைத்திருந்து, கடைசி நொடிகளில் ஒன்றன்பின் ஒன்றாக வீச வேண்டும். எதிராளிக்கு மூச்சு வாங்கிவிடும்.

இதையெல்லாம் பொற்கொடி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டிருந்தாள். எழில் கொடுத்த பழைய போனில் யாருக்கும் சொல்லாமல் அதே விளையாட்டை ஏற்றிக்கொண்டாள். ரேஷன் கடை வரிசையில் நின்றபடி பலகையில் இருக்கும் சொற்களை உடைத்து வேறு சொற்களாகக் கோத்துப் பார்த்தாள். காந்திபுரம் போனால் பஸ் போர்டு எல்லாம் அவளுக்குப் பாடம். அவர் ஒற்றை ஆள்காட்டி விரலால் ஆடினார். அவள் இரண்டு கட்டைவிரலையும் பழக்கினாள். திரையின் மூலையில் ஓடும் நேரத்தைப் பார்த்தால்தான் அவளுக்கு விரல் தவறியது. அதனால் நெற்றியிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்த இடத்தின் மேல் ஒட்டிவிட்டாள். நேரம் தெரியாமல் போனதும் வேகம் வந்தது.

விளையாட்டு தானாகவே அவளுக்கு மரங்கொத்தி என்று பெயர் வைத்திருந்தது. அந்தப் பெயரில் அவரை ஆட்டத்துக்கு அழைப்பாள். தோற்பாள். ஆனால் ஒவ்வொரு வாரமும் தோல்வி சின்னதாகிக்கொண்டே வந்தது. அவர் சாப்பிடும்போது மரங்கொத்தியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பெருந்துறைப் பக்கம் யாரோ காலேஜ் வாத்தியாராக இருக்கும் என்பது அவருடைய ஊகம். "அவசரப்படாத மனுசன் புள்ள. அந்தப் பொறுமை நமக்கு வராது," என்றார் ஒருநாள். அவள் இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊற்றினாள். ஜெயிக்கிற அன்றைக்கு அவரிடம் சொல்லிவிடுவது என்று அப்போதுதான் முடிவு செய்தாள். அதற்கு முன்னால் சொல்வதில்லை.

இன்று காலை எழும்போதே இடது கை வலிக்கிறது என்றார். போனைப் பிடித்துப் பிடித்துத்தான் என்று அவரே சொன்னார், அவளும் அதையே சொன்னாள். தைலம் தேய்த்துவிட்டாள். இட்லியில் ஒன்றுக்கு மேல் இறங்கவில்லை. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் கழுத்தெல்லாம் வேர்த்தது. சித்திரை வெயில் என்றார்கள் இருவரும்.

"இன்னைக்கு ஒரு நாளைக்கு அந்தப் போனை ஓரமா வெச்சுப்போடுங்க," என்றாள் பொற்கொடி.

"மரங்கொத்தி கூப்புட்டா என்ன பண்றது? பயந்துபோட்டான்னு நெனைப்பாருல்ல," என்றார்.

மரங்கொத்தி கூப்பிடாமல் இருந்திருக்கலாம். சமையலறைக்குப் போனதும் அழைப்பை அனுப்பியது அவள்தான். வலிக்கிற கையோடு ஆடினால் இன்றைக்குப் பிடித்துவிடலாம் என்ற எண்ணமும் அதில் இருந்தது.

முதல் அரை நிமிடம் வழக்கம்போல் அவர் முன்னால் ஓடினார். பிறகு திரையில் ஏறிக்கொண்டிருந்த அவருடைய சொல் எண்ணிக்கை நின்றது. பொற்கொடிக்குப் புரிந்துவிட்டது, பெரிய சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். இந்த வித்தையை அவரே சொல்லிக் கேட்டவள்தானே. அவள் விடவில்லை. குக்கர் விசில் அடித்தது, அணைக்கவில்லை. முன் அறையில் நாற்காலி கிறீச்சிடும் சத்தம் கேட்டது, திரும்பவில்லை. எட்டிப் பிடித்தாள், தாண்டினாள். கடைசியில் அவர் வீசப்போகும் சொற்களுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். ஒன்றும் வரவில்லை. திரையில் பூ மழை கொட்டியது. மரங்கொத்தி வென்றது.

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். போனை வழக்கமான இடத்தில், பச்சரிசி டப்பாவுக்குள், அரிசியில் புதைத்தாள். அமாவாசைக்கு மட்டும் திறக்கிற டப்பா அது. அவர் கை ஒருநாளும் அங்கே வராது. தோற்றால் கொஞ்ச நேரம் உர்ரென்று இருப்பார். இருக்கட்டும் என்று நிதானமாகப் பாலைக் காய்ச்சி, சர்க்கரை வியாதிக்காரருக்கு இன்றைக்கு மட்டும் என்று அரைக் கரண்டி சர்க்கரையும் போட்டு, காப்பி ஆற்றினாள். அவள் ஆற்றிக்கொண்டிருக்கும்போது பத்தரை ரயில் கூவிக்கொண்டு போனது.

முன் அறையில் அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தலை போனை நோக்கிக் குனிந்திருந்தது. பின்னால் நின்றபடியே சொன்னாள்.

"ஏனுங்க, அந்த மரங்கொத்தி யாருன்னு தெரியுமுங்களா? காலேஜ் வாத்தியாருமில்லை, ஒண்ணுமில்லை. நாந்தானுங்க. இந்தப் பாசஞ்சர்தான்."

பதில் இல்லை. கோபம் என்று நினைத்தாள். காப்பியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

அதன் பிறகு அந்த வீட்டுக்கு நிறையப் பேர் வந்தார்கள். டாக்டர் வந்து மாரடைப்பு என்றார், படக்கென்று போயிருக்கும் என்றார். பக்கத்து வீட்டு மாரியாத்தாள் தாடையைக் கட்டினாள், கால் பெருவிரல்களைக் கட்டினாள். வாசலில் சாமியானா போட்டார்கள். குளிர்பெட்டி வந்தது. எடுக்கும் வரைக்கும் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் சமையலறைப் பக்கம் யாரும் போகவில்லை. பருப்பு குக்கருக்குள்ளேயே கிடந்தது.

வந்தவர்கள் எல்லோரும் எப்படி ஆயிற்று என்று கேட்டார்கள். காப்பி கொண்டு வந்தேன், பார்த்தேன் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னாள். அது பொய் இல்லை. ஆனால் அவளுக்கு ஒன்றே ஒன்று தெரிந்தாக வேண்டும். அவள் பின்னால் நின்று சொன்னபோது அவருக்குக் காது கேட்டதா? டாக்டர் படக்கென்று என்றாரே தவிர எப்போது என்று சொல்லவில்லை. காப்பி ஆற்றுகிற நேரத்தில்கூட இருந்திருக்கலாம். அவள் சொல்லி முடித்த பிறகுகூட இருந்திருக்கலாம். கேட்டிருப்பார், கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் போயிருப்பார் என்று நினைக்க ஒரு இடம் இருந்தது. அந்த இடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானம் எழில் வந்துவிட்டாள். அழுது ஓய்ந்தபின் அப்பாவின் போனை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

மாசாணத்தின் அண்ணன் பஞ்சாங்கம் பார்த்தவரிடம் பேசிவிட்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மணி, உசுரு பிரிஞ்ச நேரம் வேணுமே. ரேவதி நட்சத்திரம் பத்தரை வரைக்குந்தான் இருக்குதாமா. அதுக்குள்ள போயிருந்தா அடைப்பு. பத்தரைக்கு அப்புறம்னா அசுவினி, ஒண்ணும் தோசமில்லை."

அடைப்பு என்றதும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நட்சத்திரத்தில் ஒரு உயிர் போனால் அது தனியாகப் போகாது, துணைக்கு இன்னொன்றைக் கூப்பிடும் என்பார்கள். உயிர் போன அறையை ஆறு மாதம் பூட்டி வைக்க வேண்டும். மாரியாத்தாள் எழிலின் மகள் கனிஷ்காவை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"தெரியலீங்க," என்றாள் பொற்கொடி. "நான் பாக்கறப்ப ரயில் போயிருந்துச்சுங்க."

"பாத்தது சரி. போனது எப்ப?"

அப்போதுதான் எழில் தலையைத் தூக்கினாள். அப்பா கடைசியாக யாரோடோ விளையாடியிருக்கிறார் என்றாள். மரங்கொத்தி என்று பெயர். அவர் பாதியிலேயே சொல் கோப்பதை நிறுத்தியிருக்கிறார். கடைசியாக அவர் கோத்த சொல் கரண்டி. சாகிற மனிதருக்குக் கடைசிச் சொல் பெரிதாக இருக்க வேண்டும் என்று யாருக்காவது தோன்றினால் தோன்றட்டும், மாசாணம் கோத்தது கரண்டி. ஆட்டம் நடந்த நேரம் போனில் இல்லை, இன்று என்று மட்டும்தான் காட்டுகிறது.

"அந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்குமுங்க பெரியப்பா. கேட்டுப் பாக்கறேனுங்க," என்று எழில் அந்த விளையாட்டிலேயே மரங்கொத்திக்குச் செய்தி தட்டத் தொடங்கினாள்.

அதே நேரம் கூட்டத்திலிருந்து யாரோ வாய்க்கரிசிக்குப் பச்சரிசி எங்கே என்று கேட்டார்கள். மாரியாத்தாள் எழுந்தாள். பொற்கொடி அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "நான் எடுத்தாரேன்," என்றாள். உட்காருங்க அக்கா என்று நாலு பேர் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை.

சமையலறையில் அவரைக்காய் வாடிக் கிடந்தது. டப்பாவின் மூடியில் கை வைத்தபோது உள்ளே அரிசி கர்ரென்று அதிர்ந்தது. அவள் அப்படியே நின்றாள். பிறகு திறந்து, அரிசிக்குள் கையை விட்டுப் போனை எடுத்தாள்.

'வணக்கங்க. நான் இவருடைய மகள். அப்பா இன்று காலை இறந்துவிட்டார். கடைசியாக உங்களோடுதான் விளையாடியிருக்கிறார். அவர் ஆட்டத்தை நிறுத்தியது பத்தரைக்கு முன்னாடியா, பின்னாடியா? தயவுசெய்து சொல்லுங்கள்.'

எந்தச் சொல்லையும் கண் சிமிட்டும் நேரத்தில் கோக்கப் பழகிய விரல்கள் அவளுடையவை. பின்னாடி என்று தட்டினால் முன் அறை திறந்திருக்கும், கனிஷ்காவை யாரும் மடியில் இறுக்க வேண்டாம், அவள் சொன்னதை அவர் கேட்டிருப்பார். நாற்காலி கிறீச்சிட்ட சத்தத்தை அவள் மறந்துவிடலாம். வெளியே யாரோ ஒப்பாரியைத் தொடங்கினார்கள். பிரியமான மனிதரைப் பற்றிப் பொய் சொல்வதில் அவளுக்குப் பெரிய தயக்கம் இல்லை. ஆனால் அவர் டைம் கீப்பர். வண்டி கிளம்பிய நேரத்தை மாற்றி எழுதச் சொன்ன மேலதிகாரியோடு மல்லுக்கு நின்று வேலையே போகப் பார்த்தவர்.

ஒரே ஒரு சொல்லை அனுப்பினாள். போனைத் திரும்ப அரிசிக்குள் தள்ளிவிட்டு, தட்டில் இரண்டு கை அரிசி அள்ளிக்கொண்டு வந்தாள்.

"முன்னாடிங்கறாரு பெரியப்பா," என்று எழில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாசாணத்தின் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப அடைப்புதான். எடுத்ததும் முன் ரூமைப் பூட்டிப்போடுங்க. ஆறு மாசத்துக்குப் பின்வாசல்தான்," என்றார். ஜன்னல் விளிம்பில் ஆடை படிந்திருந்த காப்பி டம்ளரை மாரியாத்தாள் எடுக்கப் போனாள். அறைக்குள் இருப்பது அப்படியே இருக்கட்டும் என்று அவர் தடுத்துவிட்டார்.

"கொஞ்சம் யோசிச்சுத்தாம்மா பதில் போட்டாரு," என்றாள் எழில், அம்மாவின் தோளில் சாய்ந்தபடி. "அவசரப்படாத மனுசன்னு அப்பா சொல்லிட்டே இருப்பாரு. கடைசி நேரத்துல அப்பா தனியா இல்லைன்னு நெனைச்சுக்கலாம்மா."

பொற்கொடி மகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

குளிர்பெட்டியைத் திறந்தார்கள். முதலில் அவளைத்தான் போடச் சொன்னார்கள். தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளி, கையை மூன்று முறை சுற்றினாள். விரல்களை விரித்தபோது வெள்ளை அரிசிக்கு நடுவில் மெரூன் நிறத்தில் ஒன்று தெரிந்தது. போனிலிருந்து கழன்று வந்த ஸ்டிக்கர் பொட்டு. மற்றவர்கள் பார்ப்பதற்கு முன்னால் அதைப் பொறுக்கி எடுக்க அவளுக்கு நேரம் இருந்தது.

அரிசியை அவர் வாயில் விட்டாள். பொட்டும் அதோடு விழுந்தது. அதன் மேல் இன்னும் கொஞ்சம் அரிசியைத் தூவிவிட்டு, தட்டை எழில் பக்கம் நகர்த்தினாள்.